மான்டெலூகாஸ்ட் மாத்திரை கொடுத்தால் இன்ஹேலரை நிறுத்தலாமா?

கேள்வி: என் மகனுக்கு 7 வயது. இரண்டு வருடமாக வீசிங். குழந்தை மருத்துவர் காலையும் இரவும் புடெசொனைட் இன்ஹேலர், இரவில் மான்டெலூகாஸ்ட் 5 மி.கி. மென்று தின்னும் மாத்திரை என்று மூன்று மாதத்துக்கு எழுதிக் கொடுத்தார். தொடங்கி மூன்று வாரம் ஆகிறது. இருமல் நன்றாகக் குறைந்திருக்கிறது. "மாத்திரையே போதும், பஃப் பழகிவிட்டால் ஆயுசுக்கும் விட முடியாது" என்கிறார் அத்தை. ஆனால் பத்து நாளாகப் பையன் இரவில் அலறிக்கொண்டு எழுகிறான். பகலில் சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிந்து விழுகிறான். மாத்திரையால் இருக்குமா? எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது?

பதில்:

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதுதான் அவசரம். ஆமாம், மாத்திரையால் இருக்கலாம். கெட்ட கனவு, தூக்கம் கெடுவது, எரிச்சல், காரணமில்லாத கோபம் எல்லாமே மான்டெலூகாஸ்ட்டின் தெரிந்த பக்கவிளைவுகள். இன்று இரவு அந்த மாத்திரையைக் கொடுக்க வேண்டாம். நாளைக் காலை எழுதிக் கொடுத்த மருத்துவரையே கூப்பிட்டு, எந்த நாளில் ஆரம்பித்தது, எத்தனை இரவு நடந்தது என்று சொல்லுங்கள். இந்த மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் இன்ஹேலரை ஒரு வேளைகூட விடாதீர்கள். அத்தை சொல்வதற்கு நேர் எதிர்த்திசையில் போகச் சொல்கிறேன் என்பது தெரிகிறது. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், அவரிடமும் படித்துக் காட்டலாம்.

அதற்கு முன் ஒன்று. பையன் தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது போல் பேசினாலோ, இல்லாததைப் பார்ப்பதாகச் சொன்னாலோ, அடையாளமே தெரியாதபடி மாறிப்போனாலோ காலை வரை காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

நான் மருந்தாளுநர். இருபது வருடமாக மருந்துச் சீட்டுகளைப் பார்க்கிறவன். மான்டெலூகாஸ்ட் நல்ல மருந்து, அதை நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் நம் ஊரில் அது என்ன வேலை செய்கிறது, எது அதன் வேலை இல்லை என்று சொல்லிக் கொடுக்காமலேயே கைமாறும் மருந்தாகிவிட்டது. சளிக்கு ஒரு அட்டை, தும்மலுக்கு ஒரு அட்டை. அது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

இந்த மருந்தின் கதை நாகப்பாம்பு விஷத்தில் தொடங்குகிறது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில், வால்டர் அண்ட் எலிசா ஹால் ஆய்வு நிறுவனத்தில், சார்ல்ஸ் கெல்லவே என்பவரும் நாஜி ஜெர்மனியில் வேலை பறிக்கப்பட்டு வெளியேறிய வில்ஹெல்ம் ஃபெல்ட்பெர்க் என்பவரும் 1938-இல் ஒரு சோதனை செய்தார்கள். கினிப்பன்றியின் நுரையீரலுக்குள் நாக விஷத்தைச் செலுத்தி, அதிலிருந்து வெளியே வரும் திரவத்தைக் குடல் தசைத் துண்டின் மேல் விட்டுப் பார்த்தார்கள். ஒவ்வாமையில் சுரக்கும் ஹிஸ்டமின் தசையைச் சட்டென்று சுருக்கும், சட்டென்று விட்டுவிடும். இந்தத் திரவத்தில் இன்னொன்றும் இருந்தது. அது மெதுவாகச் சுருக்கியது, ஆனால் பிடியை விடவே இல்லை. என்ன பொருள் என்று தெரியாததால் 'மெதுவாக வினைபுரியும் பொருள்' என்றே பெயர் வைத்தார்கள். அது என்ன என்று கண்டுபிடிக்க நாற்பது வருடம் ஆனது. 1979-இல் ஸ்டாக்ஹோமில் பெங்ட் சாமுவெல்சன் குழுவினர் அதன் வேதி அமைப்பைக் கண்டறிந்து லூகோட்ரையீன் என்று பெயரிட்டார்கள். 1982-இல் மருத்துவ நோபல் பரிசு பெற்ற மூவரில் சாமுவெல்சன் ஒருவர்.

லூகோட்ரையீன் மூச்சுக்குழாயைச் சுருக்குவதில் ஹிஸ்டமினைவிடச் சுமார் ஆயிரம் மடங்கு வலுவானது. சுருக்குவதோடு நிற்காது. குழாயின் உட்சுவரை வீங்க வைக்கும், சளியைக் கூட்டும். உங்கள் மகனுக்கு இரவில் நெஞ்சுக்குள் 'கிய்ங்' என்று கேட்பது இந்த மூன்றும் சேர்ந்த சத்தம். ஆஸ்துமாவுக்கு வெறும் அலர்ஜி மாத்திரை ஏன் போதவில்லை என்பதற்கும் காரணம் இதுதான். செட்ரிசின் வகை மாத்திரைகள் ஹிஸ்டமினை மட்டும்தான் தடுக்கும்.

மான்டெலூகாஸ்ட் என்ன செய்கிறது? லூகோட்ரையீன் வந்து உட்காரும் இடத்தில் முன்பே போய் உட்கார்ந்துகொள்கிறது, அவ்வளவுதான். லூகோட்ரையீன் சுரப்பதை அது நிறுத்துவதில்லை. சுரந்தது வந்து கதவைத் தட்டினால் திறக்க முடியாது. கனடாவின் மான்ட்ரியல் நகரில் மெர்க் நிறுவனத்தின் ஆய்வகத்தில் உருவானதால் அந்த ஊர்ப் பெயரின் முதற்பகுதியே மருந்தின் பெயரிலும் இருக்கிறது. அமெரிக்காவில் 1998 பிப்ரவரியில் அனுமதி கிடைத்தது. அங்கே அதன் வணிகப் பெயர் சிங்குலேர். நம் ஊரில் பல நிறுவனங்கள் பல பெயரில் விற்கின்றன.

இப்போது அத்தையின் வாதத்துக்கு வருகிறேன். மாத்திரை ஒரே ஒரு கதவை மட்டும் அடைக்கிறது. ஆஸ்துமாவில் மூச்சுக்குழாய்ச் சுவர் எப்போதும் லேசாகச் சிவந்து வீங்கியே இருக்கும், இழுப்பு இல்லாத நாளிலும். அந்த அழற்சியைக் கிளப்பிவிடும் ரசாயனங்கள் பல, லூகோட்ரையீன் அதில் ஒன்று. உங்கள் புடெசொனைட் இன்ஹேலரில் இருப்பது ஸ்டீராய்டு, அது அந்த அழற்சியையே அடக்குகிறது. அதனால்தான் தினசரித் தடுப்புக்கு எடுத்த எடுப்பிலேயே இன்ஹேலரைச் சொல்கிறார்கள். மான்டெலூகாஸ்ட் இன்ஹேலரோடு கூடச் சேர்ப்பதற்கு, அல்லது இன்ஹேலர் எந்த விதத்திலும் முடியாத சிலருக்கு. இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஆய்வுகளில், கடுமையான இழுப்பு வந்து ஸ்டீராய்டு மாத்திரை வரை போக வேண்டிய நிலையைத் தடுப்பதில் இன்ஹேலர்தான் மேல். சில குழந்தைகளுக்கு மாத்திரை மட்டும் கொடுத்தும் நன்றாக இருப்பது உண்மைதான். அது யார் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

"மாத்திரை போட்டதும் இருமல் குறைந்ததே, பஃப் என்ன செய்தது?" என்று அத்தை கேட்பார். நியாயமான கேள்வி. மான்டெலூகாஸ்ட் ஒரு நாளிலேயே வேலை காட்டத் தொடங்கும். உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு மெதுவாகத்தான் ஏறும், முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். மூன்றாவது வாரத்தில் தெரிகிற நிம்மதியில் எது மாத்திரையின் பங்கு, எது பஃப்பின் பங்கு என்று வீட்டில் யாராலும் பிரிக்க முடியாது.

அப்புறம் அந்த 'பழகிவிடும்' பயம். இதை நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. இன்ஹேலர் போதைப் பழக்கம் போல் பற்றிக்கொள்ளாது. நிறுத்தினால் மறுபடி இழுப்பு வருகிறது என்றால் நோய் இன்னும் இருக்கிறது என்றுதான் பொருள். கண்ணாடியைக் கழற்றினால் எழுத்து மங்குகிறது, அதற்காகக் கண்ணாடிக்கு அடிமையாகிவிட்டோம் என்று யாரும் சொல்வதில்லை. மாத்திரை நல்லது, பஃப் கெட்டது என்ற எண்ணம் நம் வீடுகளில் ஆழமாக ஊறியிருக்கிறது. பஃப் எடுக்கும் பிள்ளை 'பெரிய நோய்' பிள்ளை என்ற பெயர் வாங்கிவிடும் என்ற கவலைதான் அதற்கு அடியில் இருக்கிறது. பெண் பிள்ளைகளின் அம்மாக்கள் இன்னும் கூடுதலாகப் பயப்படுவார்கள். கடையில் இன்ஹேலரைத் தாளில் சுற்றித் தரச் சொல்லி வாங்கிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அளவைப் பாருங்கள். ஒரு பஃப்பில் இருப்பது 100 அல்லது 200 மைக்ரோகிராம். ஆயிரம் மைக்ரோகிராம் சேர்ந்தால்தான் ஒரு மில்லிகிராம். இன்ஹேலரை விட்டுவிட்டு ஒரு தடவை இழுப்பு முற்றி மருத்துவமனைக்குப் போனால், 20 கிலோ குழந்தைக்கு ஒரு நாளைக்கே 20 மில்லிகிராம் அளவில் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டை வாய்வழியாகக் கொடுக்க வேண்டி வரும், அதுவும் சில நாள். இரண்டும் வேறு வேறு மருந்து, வலுவும் வேறு, அதனால் எண்ணை மட்டும் வைத்து ஒப்பிடுவது முழுசாகச் சரியாகாது. ஆனால் பஃப் போக வேண்டிய இடத்துக்கு நேராகப் போகிறது, அந்த ஸ்டீராய்டு மாத்திரை உடம்பு முழுக்கச் சுற்றி வருகிறது.

பஃப்பில் பக்கவிளைவே இல்லை என்று சொல்ல மாட்டேன். அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆஸ்துமா குழந்தைகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. சில வருடம் தினமும் புடெசொனைட் எடுத்தவர்கள் பெரியவர்களானபோது, எடுக்காதவர்களைவிடச் சராசரியாக 1.2 சென்டிமீட்டர் உயரம் குறைவாக இருந்தார்கள். முடிவு 2012-இல் வெளியானது. ஒரு விரல்கடைகூட இல்லாத வித்தியாசம். இரவெல்லாம் இருமி, சாப்பாடு இறங்காமல், பள்ளிக்கூடம் போக முடியாமல் வளரும் பிள்ளையின் இழப்போடு அதை வைத்துப் பாருங்கள். குரல் கம்முவதும் நாக்கில் வெள்ளை படிவதும் உண்டு. பஃப் எடுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்பினால் பெரும்பாலும் வராது.

சரி, மாத்திரையும் மனசும். இதைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். மருந்து வந்து பத்து வருடம் ஆன பிறகுதான் மன மாற்றம் பற்றிய புகார்கள் பெரிதாகக் கவனிக்கப்பட்டன. 2008-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஆராயத் தொடங்கியது. 2009-இல் மருந்துத் தாளில் எச்சரிக்கை சேர்ந்தது. 2020 மார்ச்சில் அதைக் கட்டம் கட்டிய எச்சரிக்கையாக உயர்த்தினார்கள். ஒரு மருந்துக்கு அவர்கள் தரும் ஆகக் கடுமையான எச்சரிக்கை அதுதான். கெட்ட கனவு, தூக்கத்தில் நடப்பது, எரிச்சல், படபடப்பு, மனச்சோர்வு, கவனம் சிதறுவது முதல் தற்கொலை எண்ணம் வரை அதில் பட்டியல் இருக்கிறது. வெறும் மூக்கு அலர்ஜிக்கு மட்டும் என்றால், மற்ற மருந்துகள் சரிப்படாதவர்களுக்கு மட்டுமே இதைக் கொடுக்க வேண்டும் என்றும் அதில் சொல்லியிருக்கிறார்கள். தும்மலுக்கெல்லாம் அட்டை அட்டையாக வாங்கிப் போகும் நம் ஊரில் இந்த வரி பரவலாகத் தெரிய வேண்டும் என்பது என் ஆசை.

அதே சமயம் பயந்துபோகவும் வேண்டாம். எடுத்துக்கொள்ளும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு இந்தத் தொல்லை வருவதில்லை. அந்த நிர்வாகமே செய்த பெரிய ஆய்வொன்றில், ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுப்பவர்களைவிட மான்டெலூகாஸ்ட் எடுப்பவர்கள் மனச்சோர்வுக்காக மருத்துவமனையில் சேர்வது கூடியிருக்கவில்லை. ஆனால் மருத்துவமனை வரை போகாத, வீட்டுக்குள்ளேயே நடக்கும் மாற்றங்கள் அந்த மாதிரிக் கணக்கில் வராது. உங்கள் பையன் இரவில் அலறுவது எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறாது. அது அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். அதனால்தான் நீங்கள் கவனித்ததை நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். மாத்திரை தொடங்கி பத்துப் பதினைந்து நாளுக்குள் ஆரம்பித்திருக்கிறது என்பதும் பொருந்தி வருகிறது. நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்குச் சரியாகிவிடும். சிலருக்கு நிறுத்திய பிறகும் கொஞ்ச காலம் நீடித்ததாகப் பதிவுகள் உண்டு, அதனால் நிறுத்திய பிறகும் கவனித்துக்கொண்டே இருங்கள். வேறு காரணமும் இருக்கலாம் என்பதையும் மறுக்கவில்லை. பள்ளியில் ஏதாவது நடந்ததா, காய்ச்சல் இருக்கிறதா, இரவில் இழுப்பாலேயே விழித்துக்கொள்கிறானா என்று மருத்துவர் கேட்பார்.

மருத்துவர் வேறு முடிவெடுத்து மாத்திரையைத் தொடரச் சொன்னால், அல்லது வேறு குழந்தைக்கு இதைக் கொடுக்கும் யாராவது இதைப் படித்தால், தெரிந்திருக்க வேண்டியவை கொஞ்சம். இரண்டு முதல் ஐந்து வயதுக்கு 4 மி.கி., ஆறு முதல் பதினான்கு வரை 5 மி.கி., அதற்கு மேல் 10 மி.கி. ஒரு நாளைக்கு ஒரே தடவை, ஆஸ்துமாவுக்கு மாலையில் அல்லது இரவில். ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த நாள் இரண்டாகக் கொடுக்கக் கூடாது. மிகச் சின்னக் குழந்தைகளுக்கான துகள் பொட்டலத்தைப் பாலிலோ தண்ணீரிலோ கரைத்து வைக்கக் கூடாது. ஒரு ஸ்பூன் மசித்த சாதத்திலோ ஆப்பிள் கூழிலோ கலந்து, பிரித்த பதினைந்து நிமிடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். தாய்ப்பால், கைக்குழந்தைகளுக்கான பவுடர் பால் மட்டும் ஒரு ஸ்பூன் அளவில் இதற்கு விதிவிலக்கு. மென்று தின்னும் மாத்திரையின் இனிப்பு அஸ்பார்டேம். பீனைல்கீட்டோனூரியா என்ற அரிய பிறவிக் குறைபாடு உள்ள குழந்தைக்கு அது ஆகாது.

கடையில் நான் அடிக்கடி பார்க்கும் தவறு வேறு. ஆஸ்துமாவுக்கு மான்டெலூகாஸ்ட் எடுக்கும் பிள்ளைக்கு சளி பிடித்துவிட்டது என்று இன்னொரு மருத்துவரிடம் காட்டுவார்கள். அவர் லெவோசெட்ரிசினும் மான்டெலூகாஸ்ட்டும் சேர்ந்த சிரப் எழுதுவார். பெயர் வேறாக இருப்பதால் வீட்டில் இரண்டையும் கொடுப்பார்கள். ஒரே மருந்து இரட்டை அளவாகப் போய்விடும். எங்கே போனாலும் இப்போது எடுக்கும் மருந்தின் அட்டையைக் கையில் கொண்டு போங்கள். பெட்டியின் பெரிய எழுத்தை விட்டுவிட்டு, கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் படியுங்கள்.

இன்னொன்று, இதில் தவறவே கூடாது. மான்டெலூகாஸ்ட் வராமல் தடுக்கும் மருந்து. வந்துவிட்ட இழுப்பை அது நிறுத்தாது. புடெசொனைட் பஃப்பும் அப்படித்தான். இழுப்பு வந்த நேரத்துக்கு சால்புட்டமால் இன்ஹேலர் வீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். நிறத்தை நம்பாதீர்கள், பெயரைப் பாருங்கள். எத்தனை பஃப், எத்தனை நிமிடத்துக்கு ஒரு தடவை என்று மருத்துவரிடம் ஒரு தாளில் எழுதி வாங்கிக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவையுங்கள். ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்ல முடியாமல் திணறினாலோ, மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்கு நடுவில் குழி விழுந்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும் வரை சால்புட்டமாலை எழுதித் தந்தபடி கொடுத்துக்கொண்டே இருங்கள். நெஞ்சில் சத்தம் நின்றுவிட்டது, ஆனால் பிள்ளை சோர்ந்து கிடக்கிறது என்றால் அதைக் குணமாகிவிட்டதாக நினைக்காதீர்கள். சத்தம் வரும் அளவுக்குக்கூடக் காற்று உள்ளே போகவில்லை என்று பொருள்.

பஃப் பலன் தரவில்லை என்று வருகிறவர்களிடம் அதைச் செய்து காட்டச் சொல்வேன். பாதிப் பேருக்கு வாயில் வைத்து அழுத்தியதும் மருந்து தொண்டையில் பட்டு வீணாகும். ஏழு வயதுப் பிள்ளைக்கு ஸ்பேசர் (இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவில் பொருத்தும் குழாய் போன்ற கூடு) இல்லாமல் கொடுக்கவே கூடாது. நன்றாகக் குலுக்கி, ஸ்பேசரில் ஒரே ஒரு பஃப் அழுத்தி, வாயால் ஐந்தாறு மூச்சு சாதாரணமாக இழுத்து விட வேண்டும். இரண்டாவது பஃப் வேண்டுமென்றால் மறுபடி குலுக்கி, மறுபடி முதலிலிருந்து. ஸ்பேசரை சோப்புத் தண்ணீரில் அலசித் தானாகக் காய விடுங்கள். துணியால் துடைத்தால் உள்ளே நிலைமின்னேற்றம் உண்டாகி மருந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும். கருவியில் போட்டு உறிஞ்ச வேண்டிய ரோட்டாகேப் என்ற மருந்துப்பொடி கேப்சூலை மாத்திரை என்று நினைத்துத் தண்ணீரோடு ஒரு மாதம் விழுங்க வைத்த அம்மா ஒருவரைப் பார்த்திருக்கிறேன். அவர் மேல் தப்பே இல்லை, கொடுத்தவர்கள் யாரும் அந்தக் கருவியைத் திறந்துகூடக் காட்டவில்லை.

அத்தை ஆடாதொடைக் கஷாயம் வைத்துக் கொடுக்கிறாரா? பல வீடுகளில் கொடுப்பார்கள், அதனால் கேட்கிறேன். அந்த இலையில் இருக்கும் வாசிசின் என்ற பொருளை அடிப்படையாக வைத்துத்தான் புரோம்ஹெக்சின் என்ற சளி இளக்கும் மருந்தையே உருவாக்கினார்கள். பெரியவர்களின் கைப்பக்குவத்தில் விஷயம் இருக்கிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால் சளியை இளக்குவதும் மூச்சுக்குழாய் வீக்கத்தை அடக்குவதும் வேறு வேறு வேலை. கொடுக்கிறீர்கள் என்றால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அத்தையால் செய்யக்கூடிய, எந்த மருந்துக்கும் குறையாத உதவி ஒன்று இருக்கிறது: பையன் படுக்கும் அறையில் கொசுவர்த்தியும் சாம்பிராணியும் வேண்டாம். கொசுவலை போதும். போகி அன்று காலையிலும் தீபாவளி இரவிலும் ஜன்னலை அடைத்து அவனை உள்ளேயே வைத்திருங்கள். யாராவது வீட்டில் புகைபிடித்தால் வாசலுக்குப் போய்ப் பிடித்தாலும் துணியில் ஒட்டிக்கொண்டு உள்ளே வரும்.

நாளைக்கு மருத்துவரிடம் போகும்போது இன்ஹேலர், ஸ்பேசர், எல்லா மாத்திரை அட்டைகள் மூன்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். ஒரு தாளில் தேதி வாரியாக எழுதிக்கொள்ளுங்கள்: மாத்திரை தொடங்கிய நாள், முதலில் அலறிய இரவு, எத்தனை இரவு இருமினான், எத்தனை நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. பையனையே பஃப் எடுத்துக் காட்டச் சொல்லி மருத்துவரைப் பார்க்க வையுங்கள். மாத்திரை இல்லாமல் இன்ஹேலர் மட்டும் போதுமா, அளவை மாற்ற வேண்டுமா என்று கேளுங்கள். முடிந்தால் அத்தையையும் உடன் அழைத்துப் போங்கள். பஃப் பற்றிய பயத்தை அவர் தன் வாயாலேயே மருத்துவரிடம் கேட்கட்டும்.